வாரத்துக்கு நாலு மணி நேரம், கையில ஒரு கணக்கு

"ஃபுல் எப்பங்க?"

திருப்பூர்ல நாங்க ஓடுற கிளப்புல, ரெண்டு 10 கிலோமீட்டர் ரேஸ் முடிச்சவன் யாரா இருந்தாலும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கல்யாணம் ஆனவன்கிட்ட "ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னு கேக்கற மாதிரிதான் :-) அன்பாத்தான் கேக்கறாங்க. ஆனா பதில் சொல்றதுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கு.

முன்னாடி இருக்கறது ரெண்டு ரேஸ். ஒண்ணு, 2013-ல ஆரம்பிச்ச கோவை மாரத்தான். சமீப வருஷங்கள்ல டிசம்பர்ல நடக்குது. அதுல ஹாஃப், அதாவது 21.1 கிலோமீட்டர். இன்னொண்ணு, சென்னை ரன்னர்ஸ் ஜனவரியில நடத்தற சென்னை மாரத்தான். அதுல ஃபுல், 42.195 கிலோமீட்டர். கிளப்புல பாதிப் பேர் சென்னைக்குத்தான் பேர் குடுத்திருக்காங்க.

இப்ப நம்ம கையிருப்பு என்னன்னு பாப்போம். வீடு ஊத்துக்குளி, வேலை கோயமுத்தூர்ல. காலையில பாசஞ்சர் வண்டியப் புடிச்சா, திரும்பி ஊத்துக்குளி ஸ்டேஷன்ல எறங்கறப்ப ராத்திரி எட்டு. ரிலீஸ் இருக்கற வாரம்னா எட்டு பத்தாகும். பனியன் கம்பெனி வேனுங்க ஆளேத்த வர்றதுக்கு முன்னாடி, அஞ்சு மணிக்கு எந்திரிச்சு செங்கப்பள்ளி ரோட்டுல ஓடுனாத்தான் உண்டு. அதுவும் வாரத்துல ரெண்டு நாள், முக்கா முக்கா மணி நேரம். அதுக்கு மேல தூக்கத்தத்தான் வெட்டோணும். தூக்கத்த வெட்டுனா ஓட்டமும் போச்சு, கோடும் போச்சு.

மிச்சம் ஞாயித்துக்கெழம. அங்கதான் சிக்கலே.

எங்கப்பா முப்பது வருசமா பேட்லாக் டெய்லர். திருப்பூர்ப் பக்கம் இருக்கறவங்களுக்கு 'ஒன்றரை ஷிஃப்ட்'னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக: ஒரு ஷிஃப்ட் எட்டு மணி நேரம், ஒன்றரைன்னா பன்னெண்டு. காலையில எட்டரைக்கு மெஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டரை. அவரும் நானும் ஒரே வீட்டுல இருக்கறதுன்னு பேரு, வெளிச்சத்துல மூஞ்சி பாத்துக்கறது ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான்.

ஆரம்ப நிலை ஓட்டக்காரங்களுக்கான ஃபுல் மாரத்தான் திட்டங்கள் பலதும், உச்ச வாரங்கள்ல 55-லிருந்து 65 கிலோமீட்டர் கேக்குது. என்னோட நிதான வேகம் கிலோமீட்டருக்கு 6:45. அறுபது கிலோமீட்டர்னா ஆறே முக்கா மணி நேரம். அதுல ஞாயித்துக்கெழம மட்டும் 30 கிலோமீட்டர், மூணு மணி நேரம் இருவது நிமிஷத்துக்கு மேல. ஓடிட்டு வந்து குளிச்சு, சாப்டு, பொணம் மாதிரி சாயங்காலம் வரைக்கும் தூங்கோணும். ஆக, நாலஞ்சு மாசத்துக்கு அப்பாவோட ஞாயித்துக்கெழமையையும் சேத்து ரேஸுக்கு எழுதிக் குடுக்கோணும்.

சரி, ஒடம்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம். ஓடறப்ப ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, தோராயமா ஒரு கலோரி செலவாகும். நான் 65 கிலோ. ஃபுல்லுக்கு 2,700 சொச்சம், ஹாஃபுக்கு 1,370. ஒடம்புல கிளைகோஜனா சேத்து வெச்சிருக்கற டேங்க் சுமாரா 1,500-லிருந்து 2,000 கலோரி. மீதியக் கொழுப்புல இருந்து எடுக்கோணும். அத நல்லா எடுக்கப் பழக்கறதுதான் அந்த நீள ஓட்டமெல்லாம். பழக்காமப் போனா 30 கிலோமீட்டர் பக்கம் வண்டி நிக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. பீட்டர் ரீகல்னு ஒரு அமெரிக்க இஞ்சினியர் (நம்மாளு!) 1977-ல ஒரு சூத்திரம் குடுத்தார். தெரிஞ்ச தூரத்து நேரத்த, தூரங்களோட விகிதத்துக்கு 1.06 அடுக்கு போட்டுப் பெருக்கோணும். என்னோட 10 கிலோமீட்டர் நேரம் 54 நிமிஷம். போட்டுப் பாத்தா ஹாஃப் 1:59, ஃபுல் 4:08. ஆனா அந்தந்த தூரத்துக்குத் தகுந்த பயிற்சி இருந்தாத்தான் இது பலிக்கும். எங்கிட்ட இருக்கற நேரத்துல 1:59 நெசம், 4:08 வெறும் எக்செல் ஷீட்டு.

"வேலைக்குப் போய்க்கிட்டே ஜெயிச்சவங்க இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்காங்க. ஜப்பான்ல யூகி கவாவுச்சி, சைதாமா மாகாண அரசு ஊழியர், 2018-ல கொட்டற மழையில பாஸ்டன் மாரத்தான ஜெயிச்சார். புரொஃபஷனல் ஆனது 2019-லதான். வேலை மதியத்துக்கு மேலங்கறதால காலையில ஓடுனார், அதுவும் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ரான் ஹில். இங்கிலாந்துல லங்காஷயர் பருத்தி மில் ஊருல பொறந்தவர், டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம். 1970-ல பாஸ்டன்ல 2:10:30, அதே வருசம் எடின்பரோ காமன்வெல்த்ல தங்கம். வலை வலையா ஓட்டை போட்ட பனியன் போட்டுக்கிட்டுத்தான் ஓடுவார்! நம்மூரு சமாச்சாரம் பாருங்க. 1964 டிசம்பர்ல இருந்து 2017 ஜனவரி வரைக்கும் ஒரு நாள் விடாம ஓடுனார். வேலைக்கே ஓடித்தான் போவார், ஓடித்தான் வருவார். அவரோட தூரம் நமக்கு ஆகாது. ஆனா எப்படியும் போயாகோணும்ங்கற வழிய ஓட்டமா மாத்திக்கறது ஆகும்.

ஆகவே திட்டம் இதுதான். அமெரிக்காவுல ஃபர்மன் பல்கலைக்கழகத்துக்காரங்க வாரத்துக்கு மூணே ஓட்டம்னு ஒரு முறை சொல்லி, 2007-ல புத்தகமாவும் போட்டாங்க. அதத் தழுவி:

1. செவ்வாய்: 800 மீட்டர் 4:10-ல, ஆறு தடவை. நடுவுல ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கலாம்.

2. வியாழன்: 5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 5:40.

3. ஞாயிறு: 18 கிலோமீட்டர் நிதானமா. நாலே முக்காலுக்குக் கெளம்புனா, அப்பா பேப்பர் விரிக்கறப்ப வீட்டுல இருப்பேன்.

4. மீதி நாள்ல அவங்க சைக்கிள், நீச்சல்ங்கறாங்க. நான் ரெண்டு ராத்திரி ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு 3 கிலோமீட்டர் ஓடியே வந்துர்றேன். ஜோடிக்கு வழி நெடுக நாய்ங்க உண்டு.

மொத்தம் நாலு மணி நேரம். கோவையில ஹாஃப், ரெண்டு மணி நேரத்துக்குள்ள. சென்னை ஃபுல் இந்த வருசம் இல்ல.

இதக் கிளப்புல சொன்னப்ப, "பாதியோட நிறுத்தறீங்களே"ன்னார் ஒரு அண்ணன். 21.1 யாரோட பாதியும் இல்லைங்ணா, அதுக்குன்னு தனியா ஒரு வலி இருக்கு. ஃபுல்லும் எங்கயும் ஓடிப்போயிடாது, நாமதான் ஓடோணும். ரேஸ் பெருசா சின்னதாங்கறத விட, நம்ம வாரம் அதுக்கு வெல குடுக்குமாங்கறதுதான் எனக்குக் கேள்வி. வேலை மாறலாம், வண்டி நேரம் மாறலாம், அப்பா ஒன்றரை ஷிஃப்ட விட்டு ஒத்தை ஷிஃப்ட்டுக்கு வரலாம். அப்பக் கணக்க மறுபடி போட்டுக்கலாம்.

அப்பாகிட்டயும் சொன்னேன். "ஓடுனா என்ன கண்ணு தருவாங்க?"ன்னார். மெடலும் ஒரு டி-ஷர்ட்டும்னேன். "டி-ஷர்ட்டா? கொண்டா, தையலப் பாக்கலாம்."

ரேஸ் அன்னிக்கி முதல் 10 கிலோமீட்டர் 57:30-ல, அடுத்த 10 கிலோமீட்டர் 56:30-ல. மிச்சம் 1.1 கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் இருக்கும். அந்த ஆறு நிமிஷத்துக்குத்தான் இத்தன செவ்வாக்கெழமையும்.

பி.கு: காட்டன் பனியன் போட்டுக்கிட்டு 18 கிலோமீட்டர் ஓடாதீங்க மக்களே. வேர்வையக் குடிச்சுக் கனமாகி, அக்குள்ல அறுத்துரும். இதத் திருப்பூர்க்காரன் சொல்றேன்!