சொல்லும் அதன் அயலும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எண்பத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவர் தோட்டத்தில் அணிலைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சந்தோசத்தைப் பதிய நினைத்து, பராமரிப்புக் குறிப்பில் 'சைல்டிஷ்' என்று எழுதினேன். பின்னேரம் அதை வாசித்த மகளின் முகம் வாடிப்போனது. நான் சொல்ல வந்தது 'சைல்ட்லைக்'. முதலாவது குழந்தைத்தனம் என்று குறை சொல்லும். மற்றது குழந்தையின் கள்ளமின்மையை மெச்சும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மாலை வகுப்பு நடத்திய எங்கட ஊர் ரீச்சரிடம், பாடமாக்கி வைத்திருந்த சொற்பட்டியலைக் காட்டினேன். "பிள்ளை, சொல்லைத் தனியப் பிடிக்காதேயும். அது இருக்கிற வசனத்தோட பிடியும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை எங்களை ஃப்ளீட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் உள்ள சாமுவேல் ஜான்சனின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கஃப் சதுக்கம், 17ஆம் இலக்கம். 1755இல் வெளிவந்த அவருடைய ஆங்கில அகராதி அந்த வீட்டு மேல்மாடத்தில்தான் உருவானது. ஜான்சன் புத்தகங்களை வாசித்து, வேண்டிய சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிடுவார். உதவியாளர்கள் அந்தச் சொல் உள்ள வசனத்தைத் துண்டுத்தாளில் பெயர்த்தெழுதுவார்கள். 42,000க்கு மேற்பட்ட சொற்களுக்கு ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள்! அகராதி செய்தவரே வசனங்களுக்குள் இருந்துதான் சொற்களை எடுத்திருக்கிறார்.

அன்றிலிருந்து என் கொப்பியில் சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே, அதைச் சந்தித்த வசனம். நடுவில் அதன் வேர்: 'பெனெவலன்ட்' என்பதில் லத்தீனின் நன்மையும் விருப்பமும் சேர்ந்திருக்கின்றன, நன்மையின் இடத்தில் தீமை வந்தால் 'மலெவலன்ட்'. கீழே, அதோடு குழம்பக்கூடிய அயற்சொல்: 'ஃப்ரூகல்' சிக்கனம், 'ஸ்டிஞ்சி' கஞ்சத்தனம். கைக்காசு ஒன்றுதான், சொல்பவரின் மதிப்பீடு வேறு. ஒரு கிழமைக்குள் அந்தச் சொல்லை வேலையில் ஒருமுறையாவது பாவித்தால்தான் அடுத்த பக்கம்.

போன மாதம் புதிதாக வந்த ஒருவர் யாரோடும் கதைக்கவில்லை. 'சிடுமூஞ்சி' என்ற பேச்சு இல்லத்தில் பரவத் தொடங்கியது. நான் குறிப்பில் 'ரெட்டிசன்ட்' என்று எழுதினேன்: மனதில் உள்ளதை இலகுவில் வெளியே சொல்லாதவர். அதை வாசித்த இரவுநேரத் தாதி, கதிரையை அவர் கட்டிலருகே இழுத்துப்போட்டு, ஒன்றும் கேட்காமல் இருந்தார். விடியப்புறம் அவர் தன் மனைவியின் பெயரைச் சொன்னாராம்.