மோர் குடிச்சா சரியாகாது

நைனாவுக்குக் கணையத்துல பிரச்சினைன்னு நாலு வருஷமா தெரியும். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் லோடு தூக்குற வேலை. வேலை முடிஞ்சா குடி. மேல்வயிற்று வலி முதுகு வரைக்கும் குத்தும். ஊசி போட்டுட்டு வந்து திரும்பவும் குடிப்பார். சீட்டில் ‘க்ரானிக் பான்கிரியாடைட்டிஸ்’ என்று இருந்தது. அது என்னன்னு நான் ஒருமுறைகூட கூகிள் பண்ணிப் பார்க்கல.

போன செமஸ்டர், மாடல் எக்ஸாம் நேரம். மூணு நாளா தார் மாதிரி கறுப்பா போகுதுன்னு நைனா மெதுவா சொன்னார். “சூடுடா. மோர் குடிச்சா சரியாப்பூடும். அம்மா கைல சொல்லாத.” நானும் சொல்லல. அசிடிட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டுப் படிக்க உட்கார்ந்தேன். மறுநாள் விடியற்காலை ரத்த வாந்தி. 108 வந்து ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போச்சு. ரத்தம் கொடுக்க என் கிளாஸ் பசங்க அஞ்சு பேர் வந்தாங்க.

எண்டோஸ்கோபி, சிடி ஸ்கேன் முடிஞ்சதும் டாக்டர் விளக்கினார். மண்ணீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய் கணையத்தை ஒட்டியே போகுது. கணையம் வருஷக்கணக்கில் வீங்கி வீங்கி, அந்தக் குழாயில் ரத்தம் உறைஞ்சு அடைச்சிடுச்சு. பேசின் பிரிட்ஜ்ல ரோடு பிளாக் ஆனா வண்டியெல்லாம் சந்துக்குள்ள புகுற மாதிரி, ரத்தம் இரைப்பையின் சின்னக் குழாய்களுக்குள் திரும்பிடுச்சு. அதுங்க புடைச்சு, ஒண்ணு வெடிச்சிடுச்சு. ரத்தம் வயிற்று அமிலத்தில் பட்டு மாறுவதால்தான் அந்தக் கறுப்பு.

முதலில் எண்டோஸ்கோபி வழியாவே பசை செலுத்தி அடைச்சாங்க. சயனோஅக்ரிலேட், நாம ப்ராஜெக்ட்ல ஒட்டுற இன்ஸ்டன்ட் பசையோட குடும்பம்தான். கல்லீரல் நல்லா இருந்ததால், மண்ணீரலை எடுத்துட்டா இந்த ரத்தக்கசிவு திரும்ப வராதுன்னு சொல்லி, பிறகு ஆபரேஷன் செஞ்சாங்க. மண்ணீரல் இல்லாதவங்களுக்கு நோய்த்தொற்று சீக்கிரம் முத்திடும். அதனால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டாச்சு. சும்மா காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பா போகலாம். ஆனா எதனாலன்னு முடிவு பண்ண வேண்டியது டாக்டர். நானோ, மோரோ இல்ல. அந்த ஒரு ராத்திரியை என்னால் இன்னும் மறக்க முடியல.

நைனா குடியை விட்டு ஏழு மாசம் ஆச்சு. தினமும் காலையில் கேட்பேன்: “இன்னா கலரு நைனா?” முறைப்பார். ஆனா பதில் சொல்லிடுவார்.