ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வகுப்பு

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் சைக்கிளில் போனால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1991-ல் கதையே வேறு! ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பெண்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பழக வந்தார்கள். ஆண்களின் கேலி, அசிங்கமான பேச்சு எல்லாம் உண்டு. ஆனாலும் 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பேரணி போனார்கள். 18 மாதத்தில் பழகியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். அவரிடம் பெண்கள் முதலில் சொன்னது காசுக் கணக்கு இல்லை, சுதந்திரம், தன்னம்பிக்கை. (காசும் சும்மா இல்லை. பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் நாலு ஊர் சுற்றி விற்கலாமே.)

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வேறு. பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. ஏன் தெரியுமா? முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.