திருப்பாலைத்துறைக் களஞ்சியமும் பாட்டியின் பத்தாயமும்

சென்ற தை மாதம் நாங்கள் குடும்பத்துடன் தஞ்சையிலிருந்து ரயிலேறிப் பாபநாசத்தில் இறங்கினோம். அடுத்துள்ள திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்க மன்னர் காலத்து நெற்களஞ்சியம் உண்டென்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோமேயன்றிக் கண்ணால் கண்டதில்லை.

கூம்பிய முடியுடன் வட்டமாக நிமிர்ந்து நிற்கிறது அக்கட்டடம். 1600-க்கும் 1634-க்கும் இடையில் எழுந்தது. 3000 கலம் நெல் கொள்ளும் என்கிறார்கள். அதை அண்ணாந்து பார்த்த எங்கள் புதல்வன், "இவ்வளவு நெல்லையும் பூச்சி தின்னாமல் எப்படியப்பா காத்தார்கள்?" என்று கேட்டான். எங்களுக்குச் சுருக்கென்றது. முந்தின வருஷம் ஊரிலிருந்து வந்த இரண்டு மரக்கால் உளுந்தில் நொச்சி இலையைப் பறித்துப் போட்டு டின்னில் மூடி வைத்தோம். இரண்டு மாதத்தில் பூஞ்சை வாடை, உளுந்தெல்லாம் துளை. 'பழைய முறை என்பதெல்லாம் வெறும் பேச்சு' என்று அன்றே தீர்ப்பும் கூறிவிட்டோம்.

பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பயிர் செய்கிறார். அவர் இல்லத்தில்தான் பகலுணவு. அங்கே அவருடைய பாட்டியிடம் எங்கள் வழக்கைச் சொன்னோம். பாட்டி சிரித்துவிட்டார்.

"பச்சை இலையையா போட்டீங்க, தம்பி? தானியத்துக்கு நீங்களே ஈரத்தை ஊட்டிட்டீங்களே!"

பிறகு எங்களைப் பத்தாயத்தண்டை அழைத்துச் சென்றார். முதலில் பழைய மணி ஒன்றுகூட இராமல் பெட்டியைத் துடைக்க வேண்டுமாம்; புழு அதில்தான் காத்திருக்கும். நெல்லைக் கடித்தால் 'கடக்'கென்று ஒடியும்வரை காயவைத்து, சூடு ஆறியபின்பே கொட்ட வேண்டும். வேப்பிலையையும் நொச்சியையும் நிழலில் சருகாக உலர்த்தி, நெல் ஓர் அடுக்கு, இலை ஓர் அடுக்காகப் பரப்ப வேண்டும். உளுந்துக்கு விளக்கெண்ணெய் தடவிப் பிசறுவது. விதைத் துவரைக்குச் செம்மண் கட்டுவது. வசம்புத் தூள் விதைக்கு மட்டும், உண்ணும் தானியத்துக்கு ஆகாது.

இவற்றில் சாஸ்திரத்துக்கு முரணானது ஒன்றுமில்லை. நெல்லில் ஈரம் 100-க்கு 14 பங்குக்கு மேற்பட்டால் பூச்சியும் பூஞ்சையும் பெருகும். பயறு வண்டு மணியின் மேலேயே முட்டையிடுகிறது. எண்ணெய் படிந்தால் முட்டைக்குக் காற்று எட்டுவதில்லை. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-ல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். அது பூச்சிக்கு இரையில் வெறுப்பூட்டுவதோடு, தோலுரித்து வளரவும் விடாது. ஆயினும் புழுத்துப்போன தானியத்தை இலை மீட்டுத் தராது. வருமுன் காக்கவே அது உதவும்.

வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையை அடக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பியப் பேடண்ட் ஆபீஸ் அந்நியருக்கு உரிமை அளித்ததும், அது இந்தியாவில் முன்பே வழங்கியதென்று எடுத்துக்காட்டப்பட்டு 2000-ல் ரத்தானதும், 2005-ல் அப்பீலும் தள்ளுபடியானதும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவ்வெற்றியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நாங்கள் பெருமிதம் அடைந்ததுண்டு. வீட்டு உளுந்தைக் காக்கத் தெரியாதவர்களுக்கு அப்பெருமிதம் எவ்வளவு பொருந்தும் என்று அன்று பத்தாயத்தடியில் நின்றபோது தோன்றியது.

பத்தாயத்தில் கால் பங்குதான் நெல் இருந்தது. விளைந்ததெல்லாம் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. விதையும் கடையில் வாங்குவதுதான். "எனக்கப்புறம் இந்த வீட்டிலே இலை உலர்த்த யாரு இருக்கா?" என்றார் பாட்டி. பேரனார் தலை குனிந்தார். எங்களுக்கும் பதில் கூற நா எழவில்லை.

விடைபெறும்போது எங்கள் இல்லத்தரசியின் கையில் ஒரு பிடி விதைத் துவரை கொடுத்தார். "செம்மண் கட்டினது. ஆடியிலே போடும்மா" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் வேப்பிலை உலர்கிறது. புதல்வன் நாள்தோறும் புரட்டிவிடுகிறான். சித்திரையில் புது உளுந்து வரும். பாட்டியின் பாடத்தில் வாத்தியார் தேறினாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.