எவ்வளவு உயரம்? எவ்வளவு தண்ணீர்? யார் தூக்குவது?

பத்துமலைக்குச் செல்லும் நம்மில் பலர் அங்குள்ள 272 படிகளை எண்ணிப் பார்த்திருப்போம். 2006ஆம் ஆண்டு தைப்பூசத்தையொட்டித் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும் அண்ணாந்து பார்த்திருப்போம். இயந்திரவியல் மாணவனான எனக்கு அச்சிலை ஓர் அளவுகோலாகவும் தெரிகிறது. ஆற்றிலிருந்து அதன் உச்சிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமானால் எப்படிப்பட்ட பம்பு தேவைப்படும்?

கடைகளில் கிடைக்கும் 2 அங்குலப் பெட்ரோல் பம்பைக் கேளுங்கள். பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஏற்றும் உயரம் சுமார் 30 மீட்டர். நிமிடத்திற்குச் சுமார் 600 லிட்டர். 30 மீட்டர் உயரத்தில் 600 லிட்டர் கிடைக்கும் என்றுதான் வாங்குபவர் நினைப்பார். உண்மை அதுவன்று. 600 லிட்டர் என்பது உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. 30 மீட்டர் என்பது ஒரு சொட்டும் வெளியே வராமல் நீர் குழாயிலேயே நின்றுவிடும் உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதே இல்லை. நம் சிலையின் உச்சிக்கு ஏறக்குறைய 13 மீட்டர் கீழேயே அந்தத் தண்ணீர் நின்றுவிடும்.

உயர் அழுத்தப் பம்பு சுமார் 50 மீட்டர் வரை ஏற்றும். ஆனால் அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், எடையும் கூடும். மணலும் கல்லும் கலந்த நீருக்கும் அது ஏற்றதன்று.

பம்பை மேலே வைத்துக் கீழிருந்து உறிஞ்சினால் என்ன என்று கேட்கலாம். பம்பு உண்மையில் நீரை இழுப்பதில்லை. அது உள்ளே காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்று நீரைத் தள்ளிவிடுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் 10.3 மீட்டர்தான். நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த எல்லை மாறாது. ஆகவே பம்பு கீழே, நீருக்கு அருகில்தான் இருக்க வேண்டும்.

இக்கணக்குகளை நான் வகுப்பில் படித்தது பின்னாளில்தான். அதற்கு முன்பே 2021 டிசம்பரில் அவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அம்மாதம் 17ஆம் தேதி தொடங்கிய அடைமழையில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளம் அது. என் அத்தையின் வீடு அங்கேதான் இருக்கிறது. பத்துமலைப் பகுதியில் சிறு குத்தகை வேலைகள் எடுத்துச் செய்யும் சித்தப்பாவிடம் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று 20 கிலோ எடையுள்ள சாதாரணப் பம்பு. மற்றொன்று, 2 சென்டிமீட்டர் கல்லையும் விழுங்கித் துப்பும் சேற்றுப் பம்பு. அதன் எடை 40 கிலோவுக்கும் மேல்.

"பெரியதையே கொண்டு போவோமே, சித்தப்பா" என்றேன்.

"லோரி உள்ளே போகாதுடா. சேத்துல அதை யார் தூக்குறது?" என்றார்.

சிறியதைத்தான் கொண்டு போனோம். தெருவெங்கும் மெத்தைகளும் அலமாரிகளும் குவிந்து கிடந்ததால் சித்தப்பா அதைத் தோளில் சுமந்துதான் போக வேண்டியிருந்தது. உறிஞ்சு குழாயின் வடிகட்டிக் கூடையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சேறு அடைத்தது. அதைக் கழுவிக்கொண்டே இருப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். எடையில் மிச்சம் பிடித்ததை ஆள் பலத்தில் செலவழித்தோம். இருந்தாலும் அன்று மாலைக்குள் அந்தப் பம்பு ஐந்து வீடுகளுக்குள் போய் வந்தது. சேற்றுப் பம்பாக இருந்திருந்தால் முதல் வீட்டோடு நின்றிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்களை அன்று தெரிந்துகொண்டேன். 80 சதுர மீட்டர் தரையில் ஓர் அடி நீர் நின்றால் அது ஏறக்குறைய 24,000 லிட்டர். நிமிடத்திற்கு 400 லிட்டர் இறைத்தால் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் வெளியே கால்வாய் நீர் வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கும்வரை எவ்வளவு இறைத்தாலும் அது திரும்பி வந்துவிடும், பெட்ரோல்தான் வீண். இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. மழைக்கு அஞ்சி ஒருவர் பெட்ரோல் பம்பைத் தம் வரவேற்பறைக்குள் வைத்து இயக்கப் போனார். சித்தப்பா ஓடிப்போய்த் தடுத்தார். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். மின்சாரப் பம்பில் புகை இல்லை, எடையும் குறைவு. ஆனால் வெள்ளத்திற்குப் பிறகு மின்சாரம் ஏது? நனைந்த கம்பியை நம்புவதும் எப்படி?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பம்பை எவரும் செய்ததில்லை, செய்யவும் முடியாது. உயரத்தைக் கூட்டினால் நீர் குறையும். சேற்றுக்கு வழி விட்டால் எடை கூடும். மெல்லிய குழாயைப் பிடித்தால் தூக்குவது எளிது. ஆனால் அதே அளவு நீர் 3 அங்குலக் குழாயைவிட 2 அங்குலக் குழாயில் ஏழு மடங்குக்கும் மேலான உராய்வைச் சந்திக்கிறது. வடிவமைப்பு என்பது எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதே எனலாம்.

நம் குடியிருப்புகளில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பம்பு வாங்கிவிடலாம். வாங்கும் முன் தண்ணீர் எங்கிருந்து எங்கே போக வேண்டும், அதில் எவ்வளவு சேறு இருக்கும், இதைத் தூக்கப் போகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பெட்டியின் மேலுள்ள எண்களை அதற்குப் பிறகு படிக்கலாம்.