பன்னிரண்டாவது கோப்பை

ஆங்கிலத்தில் ‘கஸில்’ என்று ஒரு சொல் உண்டு. அளவு பார்க்காமல் மடக்மடக்கென்று உள்ளே தள்ளுவதைச் சொல்வது. யாரைப் பற்றிச் சொன்னாலும் கூடவே ஒரு முகச்சுளிப்பும் வரும். ‘மொடாக்குடியன்’ என்னும்போது நமக்கு வருகிற அதே சுளிப்பு. இங்கிலாந்தில் வயிறு முட்டத் தின்பதற்கும் இதைத்தான் சொல்கிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியிலும் பெருந்தீனி, பேராசைக் குடி என்ற இரண்டு பொருளும் இருக்கின்றன.

இப்படிப் பொருள் எழுதியவரே அந்தச் சொல்லுக்கு ஆளானவர் என்பதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. ஜான்சன் சாப்பிடும்போது நெற்றி நரம்பு புடைக்கும், வியர்வை வழியும் என்று அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் சொல்கிறார். மூன்று புட்டி போர்ட் ஒயின் குடித்தும் நிலை தவறாமல் இருந்ததற்கு ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியையே சாட்சிக்கு அழைத்தவர் அவர். பிறகு மதுவை விட்டார். கொஞ்சமாகக் குடிப்பது தன்னால் ஆகாது, அறவே விடுவதுதான் சுலபம் என்று கண்டுகொண்டிருந்தார். தன்னை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் அபூர்வம்.

மது போன இடத்துக்குத் தேநீர் வந்தது. ஜோனஸ் ஹான்வே என்ற வணிகர் தேநீர் உடம்பையும் நாட்டையும் கெடுக்கிறது என்று எழுதியபோது, 1757-இல் ஜான்சன் தன்னை வெட்கமில்லாத தேநீர்ப் பிரியன் என்று அறிவித்துக்கொண்டு மறுப்பு எழுதினார். நாடகாசிரியர் ரிச்சர்டு கம்பர்லண்டு தம் வீட்டில் நடந்த ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறார். 11 கோப்பை ஆகிவிட்டது என்று ஓவியர் ரெனால்ட்ஸ் நினைவூட்ட, உங்கள் ஒயின் கிண்ணங்களை நான் எண்ணினேனா என்று ஜான்சன் திருப்பிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, கணக்கு ஒரு டஜன் ஆகட்டும் என்று வீட்டு அம்மாளிடம் இன்னொன்றும் வாங்கிக் குடித்தாராம்.

சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. எனக்கு அந்தப் பன்னிரண்டாவது கோப்பைதான் மனதை விட்டுப் போகவில்லை. ஜான்சனின் மனைவி 1752-இல் இறந்துபோனார். மனச்சோர்வு ஜான்சனை ஆயுள் முழுக்கத் துரத்தியது. தனிமைக்கு மிகவும் பயந்தவர். கண் பார்வை இழந்த கவிஞர் அன்னா வில்லியம்ஸை ஆதரித்து வந்தார். இரவு எவ்வளவு நேரமானாலும் அவரோடு தேநீர் குடித்துவிட்டுத்தான் படுக்கப் போவார். பின்னாளில் அவருடைய தோழி ஹெஸ்டர் த்ரேல் சில இரவுகளில் விடியற்காலை நான்கு மணிவரை ஜான்சனுக்குத் தேநீர் தயாரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோப்பை காலியானால் பேச்சு முடிந்துவிடும். பேச்சு முடிந்தால் எழுந்து இருட்டறைக்குத் தனியாகப் போக வேண்டும். அதைத் தள்ளிப்போடுவதற்கு இன்னும் ஒரு கோப்பை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது பேராசையாகத் தெரிந்திருக்கிறது.

‘கஸில்’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் காருக்கும் வைத்தார்கள். 1950-களில் சிறிய ராம்ப்ளர் கார்களை விற்றுவந்த அமெரிக்கன் மோட்டார்ஸின் தலைவர் ஜார்ஜ் ராம்னி, போட்டியாளர்களின் நீளமான கார்களைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. ராம்னியின் பேச்சு எல்லோர் பேச்சும் ஆனது. 1978-இல் சட்டமும் வந்தது. காலனுக்கு 22.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் கூட ஓடாத புதுக் காருக்கு வரி. அந்த வரிக்குப் பெயரே ‘கேஸ் கஸ்லர்’ (பெட்ரோல் குடியன்) வரி. இன்று அது 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரை போகிறது.

காருக்குத் துக்கம் கிடையாது, இரவைக் கண்டு பயமும் கிடையாது. இந்தச் சொல்லின் கடுமை அதற்குத் தகும். ஒரு மனிதரை இப்படிச் சொல்ல எனக்குக் கூசுகிறது. வருத்தம் என்னவென்றால், சட்டம் அந்தக் கடுமையைச் சரியான இடத்தில் காட்டவில்லை. அது பயணிகள் கார்களுக்கு மட்டுமே. பிக்கப், எஸ்யூவி போன்றவற்றை அன்று பெரும்பாலும் தொழிலுக்குத்தான் வைத்திருந்தார்கள் என்பதால் விலக்கு அளித்தார்கள். இன்று அமெரிக்கக் குடும்பங்கள் கடைக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அந்த வண்டிகளில்தான். அவற்றுக்கு இந்த வரி இப்போதும் இல்லை.