பாயிரமும் பாடத்திட்டமும்

பகுதி இரண்டு ஆங்கிலத்துக்குப் புதிய பாடத்திட்டம் வரையும் பணி, திருவரங்கத்தில் வாழும் எம் நண்பரிடம் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிறு மாலை முதலாம் எண் பேருந்தில் ஏறி அவர் இல்லம் சென்றோம். தமிழாசிரியர்க்கு அங்கென்ன வேலை என அன்பர்கள் வினவலாம். அழைத்தவர் அவரே.

மேசை நிறைய அட்டவணைகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் கற்றல் விளைவுச் சட்டகத்தைத் தழுவி, தாள் ஒன்றுக்கு ஐந்து விளைவுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் கே-1 முதல் கே-6 வரை ஒரு குறியீடு. புளூம் 1956-இல் வெளியிட்டு, ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001-இல் திருத்திய படிநிலைகள் அவை: நினைவுகூர்தல் தொடங்கிப் படைத்தல் ஈறாக ஆறு.

"இதில் புதுமை யாது? சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டிய எட்டனுள் கேட்போரும் பயனும் உண்டு என்று நன்னூல் வகுத்துவிட்டதே" என்றோம். நண்பர் நகைத்தார். "பவணந்தியார் பயனைச் சொல்லச் சொன்னார், ஐயா, அளக்கச் சொல்லவில்லையே!"

விடை கூற இயலவில்லை. சென்ற பருவத்தில் ஆங்கிலத்தில் 68 மதிப்பெண் பெற்ற எம் மாணவர் ஒருவர், தம் தந்தைக்காக வங்கிக்கு ஒரு விண்ணப்பம் எழுத இயலாமல் எம்மிடம் வந்து நின்றார். ஷேக்ஸ்பியர் பிறந்த ஆண்டு அவர்க்குத் தெரியும். அத்தாளின் விளைவுகளுள் 'கடிதம் எழுதும் திறன் பெறுவர்' என்பதும் ஒன்று. பாடங்களை முன்னரே தேர்ந்து, விளைவுகளைப் பின்னர் ஒட்டினால் இப்படித்தான் நேரும். தமிழ்த் தாளுக்கு நாமும் அவ்வாறே ஒட்டியவர்தாம், நாணத்தோடு ஒப்புகிறோம்.

அன்றிரவு தலைகீழாகத் தொடங்கினோம். 'அறிவர்', 'உணர்வர்' என்பவற்றை அடித்துவிட்டு, 'விண்ணப்பம் எழுதுவர்', 'இரண்டு நிமிடம் தம்மைப் பற்றிப் பேசுவர்' என எழுதினோம். பேசுவதை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு எவ்வாறு அளக்கும்? ஓதப்பள்ளியில் உஸ்தாத், முன்பாடத்தைக் காதால் கேட்டுத் திருத்திய பின்னரே அடுத்த பாடம் தருவார். நண்பர் வீட்டுக்கு அண்மையில், தாயார் சந்நிதி எதிரே, கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாக மரபு கூறும் மண்டபம் இருக்கிறது. அங்கும் கேட்டுத்தான் ஏற்றனர். அறுபது பேரையும் தனித்தனியே கேட்க இரண்டு மணி நேரம் வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண் 25-இல் பத்தை அதற்கு ஒதுக்கினோம்.

எஞ்சியது ஓர் ஆங்கிலக் கவிதை. நண்பர் அதை நீக்க மறுத்தார், நாமும் வற்புறுத்தவில்லை. அதன் எதிரே எக்குறியீட்டை இடுவது என்று ஒன்பது மணி வரை வாதிட்டோம். கட்டம் வெறுமையாகவே இருக்க, பேருந்துக்கு விரைந்தோம்.